நைனாவுக்கு யூரிக் ஆசிட்: தினமும் போடுற மாத்திரைய வலி வந்தா நிறுத்திடணுமா?

காசிமேட்டுப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. நைனாவுக்கு 57 வயசு. துறைமுகத்துல போட்டுக்கு ஐஸ் ஏத்துற வேலை, 30 வருசமா அதான். ரெண்டு வருசம் முன்னாடி மார்கழில ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கத்திக்கினு எழுந்தாரு. கால் கட்டை விரல் அடியில செவந்து பளபளன்னு வீங்கி, ஃபேன் காத்து பட்டாலே துடிக்கிறாரு, போர்வை நுனி ஒரசினா உயிரு போவுதுன்றாரு. பூரான் கடிச்சிடுச்சோன்னு டார்ச் அடிச்சு பாய் தலகாணி எல்லாம் ஒதறிப் பாத்தோம். அப்பால டெஸ்ட் எடுத்தா யூரிக் ஆசிட் 9.1, கவுட்ங்கிற மூட்டு வியாதின்னு சொன்னாங்க.
அதுலேந்து வலி வந்தா மெடிக்கல்ல ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போடுவாரு, ரெண்டு நாள்ல நடப்பாரு, வேலைக்கு போயிடுவாரு. இந்த வருசம் மட்டும் நாலு தபா வந்துடுச்சு. போன மாசம் ஒரு கிளினிக்ல அலோபுரினால் 300 எழுதிக் குடுத்து தினமும் போடச் சொன்னாங்க. கரெக்டா ஒம்பதாவது நாள் பழைய வலியவிட மோசமா வந்துச்சு, இந்த தபா கணுக்காலும் சேந்து. நைனா அட்டையத் தூக்கி குப்பைல போட்டுட்டாரு, இந்த மாத்திரை தான் வலியக் கொண்டாந்துச்சுன்னு. நான் எடுத்து வெச்சிருக்கேன். திரும்ப குடுக்கலாமா வேணாமா?

பெரம்பூர் லோகோ:
தம்பி, குப்பைலேந்து எடுத்து வெச்ச பாரு, நல்ல காரியம். எனக்கு 68 வயசு, இந்த வியாதியோட 11 வருசமா வாழ்ந்துகிட்டு இருக்கேன், அதனால பொறுமையா சொல்றேன் கேளு. நான் லோகோ ஒர்க்ஸ்ல சேந்தப்போ நீராவி இஞ்சின் வேலை இருந்துச்சு. பாய்லர் குழாயில தண்ணி உப்பு படிஞ்சு படிஞ்சு ஓடு மாதிரி ஆயிடும். அத கரைக்க மருந்து விட்டா மொதல்ல என்ன ஆவும் தெரியுமா, ஒட்டிகிட்டு சும்மா கெடந்த உப்பு எல்லாம் பேந்து வரும், அந்த நேரத்துல தான் அடைப்பும் தொல்லையும் ஜாஸ்தி. மூட்டுல நடக்குறதும் கிட்டத்தட்ட அதே தான். ரத்தத்துல யூரிக் ஆசிட் 6.8 தாண்டினா கரையாம ஊசி ஊசியா படிகமா மூட்டுக்குள்ள படியும், வருசக்கணக்கா படிஞ்சது அது. அலோபுரினால் ரத்தத்துல அளவ கொறைக்குது, படிஞ்சது கரைய ஆரம்பிக்குது, கரையும்போது ஒடம்பு அத எதிரின்னு நெனச்சு வீங்க வெக்குது. மொத சில மாசம் இப்படி வலி வர்றது வழக்கம் தான். மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம், தப்பான மாத்திரைன்னு அர்த்தம் இல்ல.
ஒழுங்கா போட்டுகிட்டு இருக்கும்போது வலி வந்தா, வலிக்கு தனியா மருந்து சேத்துக்கணும், இத நிறுத்தக் கூடாது. நைனா நிறுத்தி எத்தன நாள் ஆச்சு? அது முக்கியம்.

தண்டையார்பேட்டை பார்மசி அக்கா:
லோகோ அண்ணன் சொன்னது சரி. நான் 14 வருசமா மருந்துக் கடைல பார்மசிஸ்ட்டா இருக்கேன், டாக்டர் கெடையாது, ஆனா உங்க பதிவப் படிச்சதும் மூணு இடத்துல திக்குனு இருந்துச்சு.
ஒண்ணு, எடுத்த எடுப்புல 300. இப்போ எல்லா வழிமுறைலயும் 100 மில்லிகிராம் இல்ல அதுக்கும் கம்மியா ஆரம்பிச்சு, சில வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் பாத்து படிப்படியா ஏத்தச் சொல்றாங்க. கிட்னி வீக்கா இருந்தா 50லேந்து கூட ஆரம்பிப்பாங்க. கம்மியா ஆரம்பிச்சா இந்த மாதிரி வலி வர்றதும் கொறையும், அலர்ஜி ரிஸ்க்கும் கொறையும். கடைசில 300 போதாம 400, 500 கூட தேவைப்படலாம், அது வேற விஷயம், ஏத்துற வேகம் தான் முக்கியம்.
அப்புறம் கூட காவலுக்கு ஒரு மாத்திரை இல்ல. அலோபுரினால் ஆரம்பிக்கும்போது கால்சிசின் 0.5 தினம் ஒண்ணோ ரெண்டோ, மூணுலேந்து ஆறு மாசம் வரைக்கும் சேத்துக் குடுப்பாங்க, அந்த கரையுற நேரத்து வலி வராம இருக்க. அது இல்லாம விட்டா ஒம்பதாம் நாள் வலி வந்ததுல ஆச்சரியமே இல்ல.
கடைசியா அந்த செட்டு மாத்திரை. தம்பி, தயவு செஞ்சு அத நிறுத்துங்க. அதுல என்ன இருக்குன்னு அட்டைல பேர் கூட இருக்காது, உதிரியா பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாங்க. பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, குட்டியா ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கவுட்டுக்கு நல்லாவே கேக்கும், டாக்டரே சில நாளுக்கு எழுதுவாங்க, ஆனா பேர் தெரியாம மாசாமாசம் போட்டா சுகர் ஏறும், எலும்பு தேயும். நான் வேலை செஞ்ச ஒரு கடைலயே இத குடுக்கச் சொன்னாங்க, அதுக்காகவே அந்தக் கடைய விட்டு வந்தேன்.
அப்பாவுக்கு பிபி, சுகர், ஹார்ட் எதுக்காவது மாத்திரை போகுதா? எல்லாத்தையும் பேர் பாத்து இங்க போடுங்க. கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குற கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்தீங்களா?

காசிமேட்டுப் பையன்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. நிறுத்தி பன்னெண்டு நாள் ஆவுது. நைனா பிஸ்கட் டப்பாவுல எல்லாத்தையும் போட்டு வெச்சிருப்பாரு, அத இப்ப தரைல கொட்டிப் பாக்குறேன். பிபிக்கு டெல்மிசார்டன், அதோட ஹைட்ரோகுளோரோதயசைடுனு சேந்து போட்டிருக்கு. கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின். வலிக்கு போடுற டைக்ளோஃபெனாக் பாதி அட்டை. கத்தரிக்கோலால வெட்டின ரெண்டு மாத்திரை பேரே இல்ல. கிரியாட்டினின் டெஸ்ட் எடுக்கவே இல்லக்கா, யூரிக் ஆசிட் மட்டும் தான்.

தண்டையார்பேட்டை பார்மசி அக்கா:
அந்த ஹைட்ரோகுளோரோதயசைடு யூரிக் ஆசிட்ட ஏத்துற மருந்து. நீங்களா நிறுத்திடாதீங்க, பிபி எகிறிடும். ஆனா டாக்டர்கிட்ட இத கண்டிப்பா காட்டணும், மாத்தித் தர வேற பிபி மருந்து இருக்கு, லோசார்டன்னு ஒண்ணு யூரிக் ஆசிட்ட கொஞ்சம் கொறைக்கவே செய்யும். ஹார்ட்டுக்கு சின்ன ஆஸ்பிரின் போடுறவங்களுக்கும் இதே தான், அதுவும் கொஞ்சம் ஏத்தும், ஆனா ஹார்ட்டுக்கு அது வேணும், அத கை வெக்கவே கூடாது.
டெல்மிசார்டன், தயசைடு, கூட டைக்ளோஃபெனாக், இந்த மூணும் சேந்தா கிட்னிக்கு ரொம்ப கஷ்டம், அதுவும் வெயில்ல வேலை செஞ்சு தண்ணி குடிக்காம இருந்தா. கிரியாட்டினின் பாக்காம எதையும் ஆரம்பிக்க வேணாம். பன்னெண்டு நாள் விட்டதால பழைய 300 அட்டைய நேரா தொடங்காதீங்க, எங்கேந்து ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லட்டும். ஜிஹெச்ல, அதான் ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரில, மூட்டு வாதத்துக்குனே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, பஸ் புடிச்சா சென்ட்ரல் தான, கூட்டிட்டுப் போங்க. டப்பாவோட போங்க, அந்த பேர் இல்லாத மாத்திரையும் சேத்து.

எண்ணூர் காத்து:
இவ்ளோ மாத்திரை எதுக்குங்க. எங்க தாத்தா ஊர் வேதாரண்யம் பக்கம், அங்க கண்வலிக்கிழங்கு வெளயும். கவுட் மருந்தே அதுலேந்து தான் எடுக்குறாங்கன்னு சொல்றாங்க. கிழங்கு கொஞ்சம் கொண்டாந்து தரட்டுமா, இயற்கையா சரி பண்ணலாம்.

தண்டையார்பேட்டை பார்மசி அக்கா:
சார், கோவிச்சுக்காதீங்க, ஆனா வேண்டவே வேண்டாம். நீங்க சொன்னதுல ஒரு பாதி உண்மை, அதனால தான் ஆபத்து. கண்வலிக்கிழங்குனா செங்காந்தள், நம்ம மாநிலப் பூ. அதுல கால்சிசின் இருக்கு, மூலனூர் பக்கம், வேதாரண்யம் பக்கம் எல்லாம் அத பயிர் பண்ணி விதைய மருந்து கம்பெனிக்கு அனுப்புறாங்க. ஆனா கம்பெனில அத பிரிச்சு சுத்தம் பண்ணி அரை மில்லிகிராம்னு அளந்து மாத்திரை பண்றாங்க. கிழங்குல ஒரு துண்டுல எவ்ளோ இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. அத தின்னு செத்தவங்க நம்ம ஊர்லயே நெறைய பேர். மொதல்ல வாந்தி பேதி, ரெண்டாவது மூணாவது நாள் ரத்த அணுக்கள் கொறஞ்சு, கிட்னி, ஹார்ட்னு ஒவ்வொண்ணா விழும், மாத்து மருந்தும் கைல இல்ல. அளவுக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப ரொம்ப சின்னது. மாத்திரையவே அதனால தான் எண்ணி எண்ணிக் குடுக்குறோம்.

எண்ணூர் காத்து:
இது எனக்கு தெரியாது மேடம். தாத்தா வயல்ல கை வேலை செஞ்சவங்க யாரும் அத வாயில வெக்க மாட்டாங்க, இப்ப தான் ஏன்னு புரியுது. நான் சொன்னத யாரும் செய்யாதீங்க.

கொடுங்கையூர் அம்மா:
கால்சிசின் பத்தி நானும் சொல்லணும், எங்க வீட்ல நடந்தது. எங்க வீட்டுக்காரருக்கு தினம் ஒண்ணு போயிட்டு இருந்துச்சு, ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஒரு தடவ சளி நெஞ்சுல கட்டி வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், அவர் கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் எழுதினாரு, வேற என்ன மாத்திரை போடுறீங்கன்னு அவரும் கேக்கல நாங்களும் சொல்லல. நாலாவது நாள் பேதி புடுங்கிடுச்சு, சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சு மோர் குடுத்துட்டு இருந்தேன், கால்சிசினையும் விடாம குடுத்துட்டே இருந்தேன், அத நெனச்சா இப்பவும் வயித்த பெசையுது. ஆறாவது நாள் படி ஏற முடியல, தொடை சதை எல்லாம் வலிக்குதுன்னாரு. பெரியாஸ்பத்திரில சேத்து அஞ்சு நாள். அங்க தான் சொன்னாங்க, அந்த ஆன்டிபயாடிக் கால்சிசின ஒடம்ப விட்டு வெளிய போகவிடாம புடிச்சு வெச்சுக்கும், தினம் போடுற ஒண்ணே மூணு நாலு போட்ட மாதிரி சேந்துடும்னு.
பேதி ஆரம்பிச்சா அது தான் மொத மணி. அன்னைக்கே கால்சிசின நிறுத்திட்டு டாக்டருக்கு போன் பண்ணுங்க.

தண்டையார்பேட்டை பார்மசி அக்கா:
அம்மா இத எழுதினதுக்கு ரொம்ப நன்றி. கிளாரித்ரோமைசின் மட்டும் இல்ல, பூஞ்சை தொற்றுக்கு குடுக்குற கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், பிபிக்கும் ஹார்ட்டுக்கும் குடுக்குற வெராபமில், டில்டியாசம், இதெல்லாமே அப்படித்தான். கொலஸ்ட்ரால் மாத்திரையும் கால்சிசினும் சேந்தா சதை வலி வரலாம், தம்பி உங்க அப்பாவுக்கு அட்டோர்வாஸ்டாடின் போகுதுல்ல, அத சொல்லுங்க. சேத்துக் குடுக்குறாங்க தான், ஆனா சதை வலி, சதை பலவீனம் வந்தா உடனே தெரியணும்.
பழைய காலத்துல வலி வந்தா பேதி ஆகுற வரைக்கும் கால்சிசின மணிக்கு ஒண்ணு போடுன்னு சொல்வாங்க, இன்னமும் சிலர் அப்படி போடுறாங்க. அது இப்ப கெடையாது. வலி தொடங்கின உடனே ரெண்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, அன்னைக்கு அவ்ளோ தான், அதுவும் கிட்னி நல்லா இருந்து டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா.

மணலி குமாரு:
கிட்னி பத்தி பேச்சு வந்ததால எழுதுறேன். எனக்கு 46. கம்பெனில வெல்டிங், பாய்லர் சூட் டிரஸ் உள்ள வேர்வை ஆறா ஓடும், பாத்ரூம் போனா வேலை நிக்கும்னு தண்ணி குடிக்க மாட்டோம். கவுட் வலிக்கு டைக்ளோ ஊசி மாசம் ரெண்டு, ஆறு வருசம். இப்ப கிரியாட்டினின் 2.4. எந்த வலி மாத்திரையும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. அலோபுரினால் 50ல ஆரம்பிச்சு இப்ப 200, ஒண்ணரை வருசமா ஒரு வலி இல்ல. அந்த ஊசி போடுறதுக்கு பதிலா இத மொதலயே போட்டிருந்தா என் கிட்னி இருந்திருக்கும். ப்ரோ, அப்பாவுக்கு கிரியாட்டினின் நாளைக்கே எடுங்க.

புளியந்தோப்பு சிஸ்டர்:
நான் நர்ஸ். யாரும் சொல்லாத ஒண்ணு சொல்லிடுறேன். அலோபுரினால் ரொம்ப பேருக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா ரொம்ப கொஞ்ச பேருக்கு மோசமான அலர்ஜி வரும், பெரும்பாலும் மொத ரெண்டு மூணு மாசத்துல. தோல்ல செவப்பா தடிப்பு, காய்ச்சல், வாயில புண்ணு, கண்ணு செவந்து எரிச்சல், முகம் வீக்கம். இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரை போடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. வேர்க்குருன்னு பவுடர் போட்டு நாலு நாள் பாக்குறதெல்லாம் கூடாது. தோல் உரிஞ்சு வார்டுல வந்து படுத்தவங்கள நான் கவனிச்சிருக்கேன். ஒரு ஜீன் இருக்கிறவங்களுக்கு இந்த ரிஸ்க் அதிகம், சீனா, தாய்லாந்து, கொரியா ஆளுங்களுக்கு அது நெறைய இருக்கும், அங்க டெஸ்ட் எடுத்துட்டு தான் குடுக்கச் சொல்றாங்க.
வலி வந்தா நிறுத்தாதீங்க, தடிப்பு வந்தா உடனே நிறுத்துங்க. ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது.
கிட்னி மாத்தினவங்க, லூபஸ் (ஒடம்போட எதிர்ப்பு சக்தி ஒடம்பையே தாக்குற வியாதி) இருக்கிறவங்க அந்த எதிர்ப்பு சக்திய அடக்க அசாதயோப்ரின் போடுறாங்கன்னா அலோபுரினாலும், யூரிக் ஆசிட்ட கொறைக்குற இன்னொரு மாத்திரையான ஃபெபுக்சோஸ்டாட்டும் அதோட சேரவே கூடாது, ரத்த அணு உற்பத்தியே நின்னுடும்.

கொருக்குப்பேட்டை ஜானி:
எனக்கு ஃபெபுக்சோஸ்டாட் 40 குடுத்தாங்க, ஹார்ட்டுக்கு ஆகாதுன்றாங்களே உண்மையா? இன்னொண்ணு, போன வாரம் வலி நேரத்துல டெஸ்ட் எடுத்தா 6.2 தான் வந்துச்சு, அப்ப இது கவுட்டே இல்லையா?

புளியந்தோப்பு சிஸ்டர்:
ஜானி, வலி நேரத்துல யூரிக் ஆசிட் எறங்கிக் காட்டும், அத நம்பக்கூடாது. வலி போயி ரெண்டு வாரம் கழிச்சு எடுங்க. ஃபெபுக்சோஸ்டாட் பத்தி, 2019ல அமெரிக்கால ஹார்ட் சாவு ரிஸ்க் அதிகம்னு கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டாங்க. அப்புறம் 2020ல ஐரோப்பால வந்த பெரிய ஆராய்ச்சில அந்த மாதிரி அதிகம் தெரியல. அதனால ஏற்கனவே அட்டாக், ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு யோசிச்சு தான் எழுதுவாங்க. உங்களுக்கு ஹார்ட் பிரச்சனை இருக்கா இல்லையான்னு அந்த டாக்டருக்கு தெரியுமா, அத கேளுங்க.

காசிமேட்டுப் பையன்:
போயிட்டு வந்துட்டோம். காலைல ஆறு மணிக்கே கெளம்பி வரிசைல நின்னு பதினோரு மணிக்கு பாத்தாங்க. நைனா டப்பாவ மடில வெச்சுக்கினே ஒக்காந்திருந்தாரு. டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையா எடுத்துப் பாத்து ரெண்டு குவியலா வெச்சாங்க. பேர் இல்லாதத கைல வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, இது எது யார் குடுத்ததுன்னு கேட்டாங்க, நைனாவால பதில் சொல்ல முடியல. அத அங்கயே போட்டுட்டாங்க. கிரியாட்டினின் 1.3, கொஞ்சம் கூட தான், டைக்ளோ வேணாம்னாங்க. பிபி மாத்திரை லோசார்டனா மாறிடுச்சு. இப்ப இருக்குற வலிக்கு ஸ்டீராய்டு அஞ்சு நாள் பேர் எழுதி, சுகர் பாத்துட்டு குடுத்தாங்க. அலோபுரினால் 100 சாப்பாட்டுக்கு அப்பறம், கால்சிசின் 0.5 ஒண்ணு, மாசம் ஒரு தபா ரத்தம். யூரிக் ஆசிட்ட 6க்கு கீழ கொண்டாரணுமாம்.
நைனா ஒரே கேள்வி தான் கேட்டாரு, மீன் தின்னலாமான்னு.

பெரம்பூர் லோகோ:
அந்தக் கேள்விக்கு நான் சொல்றேன். காசிமேட்டுல இருந்துகிட்டு மீனே கூடாதுன்னா மனுசன் மாத்திரையையும் சேத்து விட்டுடுவாரு. நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, அப்புறம் ஈரல், போட்டி, இதுல தான் யூரிக் ஆசிட்டா மாறுற பொருள் ஜாஸ்தி, கருவாடும் அப்படித்தான். வேற மீன் அளவா சாப்பிடட்டும். பீர் வேணவே வேணாம், கலர் சோடாவும் வேணாம், அந்த சக்கரை யூரிக் ஆசிட்ட ஏத்தும். ஆனா ஒண்ணு, எவ்ளோ பத்தியம் இருந்தாலும் சாப்பாட்டால கொறையுறது ஒரு பாயிண்டு மாதிரி தான், 9.1 அதால 6க்கு வராது. அது நாக்கோட குத்தம் மட்டும் இல்ல, கிட்னி வெளியேத்துற விதம், பரம்பரை. எங்க அப்பாவ எல்லாரும் தின்னு கெடுத்துகிட்டான்னு பேசினாங்க, அவர் சாராயத்த தொட்டதே இல்ல. தண்ணி நல்லா குடிக்கச் சொல்லு, ஹார்ட் வீக்கா இருக்கிறவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு.

காசிமேட்டுப் பையன்:
அஞ்சு மாசம் கழிச்சு வரேன், இழைய மேல கொண்டாறதுக்கு மன்னிக்கணும். மாத்திரை 300 ஆச்சு, 100லேந்து மாசாமாசம் ஏத்தினது. நடுவுல ஒரு தபா லேசா வலி வந்துச்சு, நிறுத்தல. நேத்து ரிப்போர்ட்டு 5.4. ஒரு நாள் மறந்துட்டா அடுத்த நாள் ரெண்டா போடாதன்னு சொன்னாங்க, அதுக்காக டப்பா மூடில காலண்டர் தாள் ஒட்டி தினம் பேனால கோடு போடுறாரு. கால்சிசின் இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இப்ப நைனா கேக்குறாரு, ஆறுக்கு கீழ வந்துடுச்சே, பெரிய மாத்திரையையும் நிறுத்திடலாமேன்னு. அண்ணே நீங்க சொன்னா கேப்பாரு.

பெரம்பூர் லோகோ:
நைனாகிட்ட இத படிச்சுக் காட்டு. அண்ணே, நானும் மூணாவது வருசம் இதே தான் நெனச்சேன். வலியே இல்ல, ரிப்போர்ட்டு 5.1, எதுக்கு தினமும்னு நானா நிறுத்தினேன், வீட்ல கூட சொல்லல. எட்டு மாசம் ஒண்ணுமே இல்ல, நல்லா ஏமாந்தேன். என் பொண்ணு கல்யாணம் ஓட்டேரில மண்டபம், மொத நாள் ராத்திரி ரெண்டு முட்டியும் ஒரு கணுக்காலும் ஒண்ணா வந்துச்சு. நாற்காலில தூக்கிட்டுப் போயி ஒக்கார வெச்சாங்க, தாரை வாத்துக் குடுக்குறப்போ எழுந்து நிக்க முடியல. என் பொண்ணு மணவறைல என்ன பாத்து அழுதுச்சு. கைல மாத்திரை இருந்துச்சுண்ணே, டப்பாலயே இருந்துச்சு. 5.4 வந்தது மாத்திரையால. நிறுத்தினா மறுபடி 9க்கு போவும், கொஞ்ச வாரத்துலயே.

காசிமேட்டுப் பையன்:
படிச்சுக் காட்டினேன் அண்ணே. ரெண்டு தபா படிக்கச் சொன்னாரு. தங்கச்சிக்கு தை மாசத்துல கல்யாண முகூர்த்தம் பாத்துக்கினு இருக்கோம், அது அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு போல, ஒண்ணும் பேசல. காலைல பாத்தா பழைய காலண்டர் தாள கிழிச்சுட்டு புதுசு ஒட்டியிருக்காரு.